அளவு நோட்டில் மூன்று பக்கங்கள்

என் அளவு நோட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், உயரம் என்று வரிசையாக எழுதி, மேலே யார் என்பதற்கு ஓர் அடையாளம் போட்டு வைப்பேன். தபால்காரர் வீட்டுப் பெண், பால் சொசைட்டிக்காரர் மருமகள், இப்படி. என் தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் அந்த நோட்டில் மூன்று பக்கங்கள் இருந்தன. மூன்றும் ஏன் வேறு வேறாக இருந்தன என்பது எனக்கு முழுசாகப் புரிய ஏழெட்டு வருடம் ஆயிற்று.

எண்பதுகளின் தொடக்கம். நல்லம்பள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பி தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் போய்வரும் பஸ்ஸில் கண்டக்டர். நான் கட்டிக்கொண்டு போன இடத்தில் இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். கர்நாடக எல்லையோரம் அந்த ஊர். அந்தக் கல்யாணத்தில் நான் சம்பாதித்தது கன்னடம் ஒன்றுதான். திரும்பி வந்ததும் தையல் கற்றுக்கொண்டு, முன்னறை ஜன்னலோரம் ஒரு கால்மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். ஆனால் அளவில் தப்பு வராது. "அவ வாயிதான் கோணலு, தையலு நேரு" என்று ஊரில் சொல்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தம்பிக்கு அமைந்த பெண்ணும் எல்லைப் பக்கத்துக்காரி. தாயைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவள். அதிர்ந்து பேசமாட்டாள். என்னை 'அண்ணி' என்று கூப்பிடுவாள். சமையல் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்பாள். ஜன்னலுக்கு வெளியே ராகிக் கொல்லை. காற்று அதன் மேல் போவதும் வருவதும் தெரியும். நான் மிதிக்கிற மிஷின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் கண் சொக்கும். எது விழிப்பு எது தூக்கம் என்று பிரியாமல் மதியம் நகர்ந்துகொண்டிருக்கும். என் ஆயுசில் நான் நிம்மதியாக இருந்த மதியங்கள் அவைதான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு ரவிக்கை.

அவள் வந்த புதிதில் அளவெடுத்தபோது தோள் பதினாலு இஞ்ச் இருந்தது. தீபாவளிக்கு எதற்கும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தால் பதிமூன்றுதான் வந்தது. முதலில் எடுத்தது தப்பு போலும் என்று நினைத்து, வேறு பக்கத்தில் எழுதி, அதன்படி தைத்தேன். தீபாவளியன்று போட்டுப் பார்த்தவள் கையைத் தூக்க முடியாமல் நின்றாள். பொங்கலுக்கு எடுத்தேன். பதினாலரை. மூன்றாவது பக்கம். அதில் தைத்தது மறுவாரம் தோளில் நிற்காமல் வழிந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பழகிய டேப் நாளாக நாளாக இழுபட்டுப் போகும் என்பது தையல்காரர்களுக்குத் தெரியும். அதனால் டேப்பின் மேல் பழியைப் போட்டேன். தம்பியை விட்டு தர்மபுரியில் புது டேப் வாங்கிவரச் சொன்னேன். மர ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை. பிறகு அவள் மேலேயே பாய்ந்தேன்.

"அளவெடுக்கறப்ப நேரா நிக்கத் தெரியாதா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கா?"

"நீங்க தீபாவளிக்கு அளவெடுத்தது எனக்கு ஞாபகமே இல்லீங்க அண்ணி" என்றாள் அவள்.

சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சில நாள் கோலத்தை இடது கையால் போடுவாள். சில நாள் காப்பியைத் தொடமாட்டாள், வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வளைய வருவாள். ஜன்னலில் சாய்ந்து வம்பு பேசிக்கொண்டு நின்ற ஓர் ஆளை ஒருநாள், "துணி குடுத்தாச்சுன்னா போலாமில்ல?" என்று நிமிர்ந்து நின்று ஒரே வார்த்தையில் துரத்தினாள். என் வாயையே மிஞ்சிய வாய் அது. சாயங்காலம் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "யாருங்க வந்தாங்க?" என்று கேட்டாள்.

கொக்கி தைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம் அவளாகவே சொன்னாள்.

"பஸ்ஸுல தூங்கிப் போயி, எறங்க வேண்டிய ஊரத் தாண்டி முழிச்சாப்ல இருக்குதுங்க அண்ணி. இண்டூர்ல ஏறுனது தெரியுது. கண்ணத் தொறந்தா பென்னாகரம். நடுவுல வந்த ஊரெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலீங்க."

"கண்டக்டர் பொண்டாட்டிக்கே இந்தக் கதியா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். தைத்த கொக்கியையே பிரித்து மறுபடியும் தைத்தாள். எனக்கு உள்ளூரப் பயம் வந்தது. ஆனால் பயந்தால் கேலி செய்வதுதான் என் குணம்.

அந்தக் குணம்தான் ஒருநாள் என்னைக் கவிழ்த்தது. அலமாரியில் வைத்திருந்த மண்டை வெல்லத்தைக் காணோம். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே அவள், "அலமாரியில வெல்லம் இருந்ததே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். கை பிசுபிசுவென்று இருந்தது.

"நல்லாருக்குது. எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு சொன்னாப்ல" என்றேன்.

ஊர் உலகமெல்லாம் சொல்கிற பழமொழி. சின்ன வயதில் நாங்களும் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்தது. குதிர் என்பது தானியம் கொட்டி வைக்கும் ஆளுயர மண்கூடு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் மாறியது. தோள் இரண்டும் முன்னால் குவிந்தன. மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் போய் ஒடுங்கி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வந்த குரல் ஐந்தாறு வயதுக் குழந்தையின் குரல். பேசியது கன்னடம்.

"பாகிலு தெகீரி... கத்தலு."

கதவைத் திறங்கள், இருட்டாக இருக்கிறது என்று கெஞ்சுகிறாள். மதியம் இரண்டு மணி. அறை முழுக்க வெயில். கதவும் திறந்துதான் கிடந்தது. நான் எழுந்து போய், திறந்த கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கன்னடத்தில், "திறந்தாச்சு, பாரு" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். மெல்ல வெளியே வந்தாள். கீழே கிடந்த வெட்டுத் துணிகளில் பச்சைத் துண்டுகளை மட்டும் இடது கையால் பொறுக்கி மடியில் சேர்த்தாள். என் கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டு, "எனக்கும் அளவெடுங்கள் அக்கா" என்று கேட்டாள். என்னை 'அக்கா' என்றாள்.

எடுத்தேன். தோள் பதிமூன்று.

பெட்டியைத் திறந்து, தீபாவளிக்குத் தைத்து வீணாய்ப் போன ரவிக்கையை எடுத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. நான் தப்பாக அளவெடுக்கவில்லை. அளவு கொடுத்த ஆள்தான் வேறு.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். மருமகள் தரையில் உட்கார்ந்து, குழந்தைக் குரலில் கன்னடம் பேசிக்கொண்டு துணித் துண்டுகளை அடுக்குவதைப் பார்த்தாள். அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். "கெணத்துல கிணத்துல விழுந்து செத்த புள்ள எதோ புடிச்சிருக்குது" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். பென்னாகரம் பக்கம் ஒரு கோயில். அங்கே உடுக்கையடித்து, பிடித்திருப்பது யார் என்று கேட்டு, போகிறேன் என்று அதன் வாயால் சொல்லவைத்து, உச்சி முடியில் ஒரு கற்றையை நறுக்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். அதோடு அது மரத்தில் தங்கிவிடும், ஆள் பிழைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்து, என்னிடம் ஒரு மஞ்சள் ரவிக்கை தைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை நான் புழக்கடையில் துணி உலர்த்தும்போது அவள் வந்து நின்றாள். முதுகு நேராக, தோள் அகண்டு. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இது மூன்றாவது பக்கம்.

"அந்தச் சின்னப் புள்ளைய மெரட்டாதீங்க" என்றாள். "அழுதான்னு குதிருக்குள்ள எறக்கி மூடிபோட்டாங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. அவ உள்ளயே இருந்துட்டா. யாராச்சும் கிட்ட வந்தா எதுத்து நிக்கறதுக்கு நான் வந்தேன். எல்லார்கிட்டயும் நல்லபடியா நடந்துக்க, வூட்டு வேலை பாக்க அவ வந்தா, உங்க தம்பி பொண்டாட்டி. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமயே இருக்கட்டும்."

இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொல்லியும் நான் நம்பவில்லை. பேய்தான் பேசுகிறது என்று நினைத்தேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பு வருகிறது. எனக்கு என் மதியங்கள் திரும்ப வேண்டியிருந்தது. கொக்கி தைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தி போதும், மற்ற இருவரும் தொலைந்தால் தேவலை என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு பதினாலு இஞ்சில் மஞ்சள் ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை அம்மா, அவள், நான் மூவரும் போனோம். தம்பி லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டான். கேட்டால்தானே கிடைக்கும். அவன் பஸ்ஸிலேயே ஏறினோம். எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மாந்தோப்பும் மொட்டைப் பாறையும் ஒன்றின் பின் ஒன்றாக வந்து போயின. அவள் எந்த இடத்தில் இறங்கி, எந்த இடத்தில் இன்னொருத்தி ஏறினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பூசாரி நல்ல மனிதர்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவளை உட்காரவைத்து உடுக்கையை எடுத்தார். சத்தம் ஏற ஏற அவள் தோள்கள் குவிந்தன. "யாரு நீ? எந்த ஊரு? எப்பப் போற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மஞ்சள் ரவிக்கை ஒரு பக்கம் தோளை விட்டு நழுவியது. தையல்காரி புத்தி, என் கை தானாகப் போய் அதை இழுத்துவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மத்தே ஒளகே ஹாக்தீரா, அக்கா?"

மறுபடியும் உள்ளே போடப்போகிறீர்களா அக்கா என்று கேட்கிறாள். அங்கே கூடியிருந்த அத்தனை பேரில் கன்னடம் தெரிந்தவள் நான் ஒருத்தி. புழக்கடையில் நான் நம்பாத அவ்வளவும் அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிட்டது. இது செத்துப்போன குழந்தையில்லை. சாகாமல் இருப்பதற்காக உள்ளே ஒளிந்துகொண்ட குழந்தை. இதைத்தான் ஆணி அடித்து மரத்தில் அடைக்கக் கூட்டிவந்திருக்கிறோம், நான் தைத்த ரவிக்கையைப் போட்டு.

"என்னம்மா சொல்லுது?" என்றார் பூசாரி.

நான் நன்றாகப் பொய் சொல்வேன். ஆனால் அன்று சொன்னதுபோல் என்றும் சொன்னதில்லை. "வழி தெரியாம வந்துட்டேன், இப்பவே போயிடறேன்னு சொல்லுதுங்க" என்றேன்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "பொம்பளைங்க யாராச்சும் உச்சி முடிய நறுக்கிக் குடுங்க" என்றார் பூசாரி. நான்தான் முன்னால் போனேன். கத்தரிக்கோல் எப்போதும் என் பையில் இருக்கும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவளை மடியில் சாய்த்து முந்தானையால் மூடினேன். உடுக்கைச் சத்தம் கத்தரிக்கோலின் சத்தத்தை விழுங்கிவிட்டது. பூசாரி ஆணியை இறக்கும்போது அவள் காதைப் பொத்திக்கொண்டு, "பாகிலு திறந்திருக்கு, திறந்தே இருக்கு" என்று இரண்டு மொழியையும் கலந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புளியமரத்தில் இருப்பது என் முடி. அதனால் என்னைப் பிடித்திருந்த எதுவும் என்னை விட்டுப் போய்விடவில்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கண் விழித்து, "கோயிலுக்குப் போகலீங்களா அண்ணி?" என்றாள். "போயிட்டு வந்தாச்சு" என்றேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது தம்பி என் பின்னலையே பார்த்தான். "அக்கா, உன் முடிய எவன் வெட்டுனான்?" என்று மெதுவாகக் கேட்டான். அவனுக்கு மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, நோட்டையும் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. மறுநாள் டியூட்டி முடிந்து வந்து பையை மாட்டிவிட்டு என்னிடம் கேட்டான்.

"அக்கா, இன்னிக்கு எத்தனாவது பக்கம்?"

அதற்குப் பிறகு நாள் தவறாமல் அதைக் கேட்டான். இரண்டு என்றால் சட்டைப் பையிலிருந்து வெல்லமிட்டாய் எடுப்பான். மூன்று என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். அம்மா, பேய் போய்விட்டது என்ற நிம்மதியிலேயே கடைசிவரை இருந்தாள். சின்னவள் வரும் மதியங்களில் முன்னறைக் கதவுக்கு ஒரு கல்லை அண்டைகொடுத்து வைப்பேன், காற்றில்கூடச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று. அவள் பச்சைத் துண்டுகளை அடுக்குவாள். நான் மிதிப்பேன். வெளியே ராகி அசையும். கொஞ்ச நேரத்தில், "தூங்கிட்டனுங்களா?" என்று என் தம்பி பெண்டாட்டி முழிப்பாள். ஆமாம் என்பேன். அப்படியே வருடங்கள் போயின.

அம்மா காலமான பிறகு, எண்பதுகள் முடியும் தறுவாயில், தம்பி அவளைப் பெங்களூருக்கு அழைத்துப் போனான். கன்னடம் பேசும் ஒரு டாக்டரம்மா பல வாரங்கள் அவளோடு உட்கார்ந்து பேசினார்களாம். ஓடித் தப்பிக்க வழியில்லாத குழந்தை மனதுக்குள்ளேயே ஓடிவிடும், தாங்க முடியாததை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுத் தாங்கிக்கொள்ளும் என்று சொன்னார்களாம். மல்டிபிள் பர்சனாலிட்டி என்று அதற்கு ஒரு பெயரும் சொன்னார்கள். பேயுமில்லை, நடிப்புமில்லை, ஒரே நாளில் ஆறுவதுமில்லை, யாரையும் துரத்தாதீர்கள் என்றார்கள். எனக்குப் பெயர் புதிது. மற்றது புழக்கடையிலேயே கேட்டதுதான்.

அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று ஒருத்தி அன்று சொன்னது இனி நடக்காது. தெரிந்துவிட்டது. ஊர் திரும்பி இரண்டு நாள் அவள் முன்னறைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊசியை எடுக்கவில்லை.

"அந்த நோட்டைக் குடுங்க அண்ணி."

எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தாள். இரண்டாவதில் அடையாளத்துக்கு நான் குத்தி வைத்திருந்த பச்சைத் துண்டைத் தடவிப் பார்த்தாள்.

"இத்தன வருசத்துல இவளுக்குன்னு நீங்க ஒண்ணுமே தைக்கலீங்களா?"

"தைக்கணும்னுதான் இருந்துச்சு. யாருக்குன்னு அம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்?"

"இனிமே யாரு கேட்டாலும் எனக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து போய், திறந்திருந்த கதவுக்கு அவளே கல்லை நகர்த்தி அண்டைகொடுத்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் டேப்பை வைத்தேன். கண்ணீர் மறைத்ததில் இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. பதிமூன்றரை. மூன்று பக்கங்களிலும் இல்லாத அளவு. இந்தத் தடவை நான் டேப்பைக் குறை சொல்லவில்லை. புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டேன்.